சோற்றுக் கோப்பையும் பின்னேர நடையும்: சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தை மரைன் டிரைவில் விடிய ஐந்தரைக்கு நடக்கும் எங்கள் கூட்டத்தில் எட்டுப் பேர். இரண்டு பேருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தாயிற்று, நான்கு பேருக்குச் சீனி, மிச்சம் இரண்டு பேர் நீரிழிவுக்கு முந்திய ‘எல்லையில்’ நிற்கிறோம். 2019இல் எனக்கு வெறும் வயிற்றுச் சீனி 112 என்று ரிப்போட் வந்தது. தொழில் கணக்கு எழுதுவது. எண் என்றால் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் விடமாட்டேன். அன்றிலிருந்து சாப்பாடு, உடற்பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் தேடித் தேடி வாசிக்கிறேன். அதனால் நடக்கும்போது கேள்விகளும் என்னிடமே வருகின்றன. திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதுகிறேன். நான் டொக்டர் அல்ல. உங்கள் குளிசை, உங்கள் கிளினிக் புத்தகம் எல்லாம் உங்கள் டொக்டரோடு பேச வேண்டியவை.

சாப்பாட்டையும் நடையையும் மாற்றினால் நீரிழிவு வராமல் தடுக்கலாம் என்பது உண்மையா, சும்மா சொல்கிறார்களா?

உண்மைதான். ஒரு நாட்டில் மட்டும் பார்த்த விஷயமும் அல்ல.

1986இல் சீனாவின் டாச்சிங் நகரத்தில் ‘எல்லையில்’ நின்ற 577 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்குச் சாப்பாட்டிலும் உடற்பயிற்சியிலும் ஆறு ஆண்டுகள் வழிகாட்டினார்கள். பிறகு அவர்களை 30 ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்தார்கள். வழிகாட்டல் கிடைத்தவர்களுக்கு நீரிழிவு ஏறக்குறைய நான்கு ஆண்டு பிந்தி வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை கால்வாசி குறைந்தன. ஆயுள் சராசரியாக ஒன்றரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகக் கூடியது. பின்லாந்தில் 522 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2001இலும், அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடத்தியது 2002இலும் வந்தன. இரண்டிலும் புதிதாக நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்திருந்தது. அமெரிக்க ஆய்வில் நீரிழிவுக்குக் கொடுக்கும் மெட்போர்மின் குளிசை எடுத்தவர்களுக்குக் குறைந்தது 31 சதவீதம்தான். கிழமைக்கு 150 நிமிடம் வேகநடை, உடல் எடையில் 7 சதவீதம் இறக்குவது, இவ்வளவுதான் அங்கே வைத்த இலக்கு.

நமக்குக் கிட்டின ஆய்வு சென்னையில் நடந்தது. 531 பேர், 2006இல் வெளியானது. அதை வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. ஒன்றும் செய்யாமல் விட்ட பகுதியில் மூன்று ஆண்டுக்குள் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. எல்லையில் இருந்து நமது ஆட்கள் உள்ளே போகிற வேகம் அப்படி. வாழ்க்கைமுறையை மாற்றிய பகுதியில் அது 39 சதவீதம். அதாவது ஆபத்து 28 சதவீதம் குறைந்திருக்கிறது. பின்லாந்திலும் அமெரிக்காவிலும் கிடைத்த 58 இல்லை. ஆனால் இதில் இன்னொன்றையும் கவனியுங்கள்: சென்னைக்காரருக்கு எடை ஏறத்தாழ இறங்கவே இல்லை, அப்படியிருந்தும் பலன் கிடைத்தது. தராசு அசையவில்லை என்று நடையை விட்டுவிடுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது.

நான் ஒல்லி. எனக்கு ஏன் இந்தக் கதை?

எங்கள் கூட்டத்தில் ஸ்டென்ட் வைத்த இரண்டு பேரில் ஒருவர் அறுபது கிலோகூட இல்லை.

2004இல் ஒரு மருத்துவ இதழில் இரண்டு விஞ்ஞானிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த படம் ஒன்று வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் இங்கிலாந்தின் யுட்கின். இருவருக்கும் உடல் நிறைச் சுட்டி, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, ஒன்றேதான், 22.3. ஆனால் உடலில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. தெற்காசிய உடம்பு அப்படி. கை கால் மெலிவு, தசை குறைவு, கொழுப்பெல்லாம் வயிற்றுக்குள் ஈரலைச் சுற்றி ஒளிந்திருக்கும். அதனால் நமக்கு எடைத் தராசைவிடத் தையற்காரரின் நாடா நல்லது. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80. அதற்கு மேல் போனால் ஒல்லி என்று சொல்லித் தப்ப முடியாது. நாடாவைச் சாரம் கட்டும் இடத்தில் பிடிக்காதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும். வயிற்றை எக்கி அளந்து 88 என்று மனைவியிடம் காட்டியவன் நான்.

இலங்கை முழுவதற்கும் 2005–06இல் எடுத்த கணக்கெடுப்பில் இருபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. நகரத்தை மட்டும் எடுத்தால் 16.4. அது இருபது ஆண்டுக்கு முந்திய கணக்கு. இப்போது கொழும்பில் எந்தக் கலியாண வீட்டுப் பந்தியில் இருந்தாலும் பக்கத்துக் கதிரைக்காரர் சட்டைப் பையிலிருந்து குளிசை எடுப்பதைப் பார்க்கலாம்.

சோற்றை விட வேண்டுமா?

இதுதான் எல்லாருக்கும் உண்மையான கேள்வி. மற்றதெல்லாம் இதைக் கேட்க முன் கேட்கும் கேள்விகள்.

ஒரு நாள் அலுவலகத்துக்கு அருகில் ஒரு கடையில் வழக்கமான மரக்கறிச் சோற்றுப் பார்சலை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தேன். சோறு 420 கிராம். பருப்பு இரண்டு கரண்டி, 60 கிராம் வரும். கத்தரிக்காய்ப் பால்கறி அதைவிடக் குறைவு. கீரை, ஒரு தேசிக்காய் அளவு உருண்டை. மேலே ஒரு பப்படமும் ஒரு மோர்மிளகாயும். மகள் எட்டிப் பார்த்துவிட்டு, “அப்பா, இது சோற்றுப் பார்சல் இல்லை, சோறு மட்டும்தான் பார்சல்” என்றாள். சமைத்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 130 கலோரி, 28 கிராம் மாச்சத்து. அந்த ஒரு நேரத்துச் சோற்றில் மட்டும் 550 கலோரிக்குக் கிட்ட வருகிறது.

இப்போது ஆய்வுக்கு வருவோம். 21 நாடுகளில் 1,32,000க்கு மேற்பட்டவர்களை ஏறத்தாழ ஒன்பதரை ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2020இல் ஒரு கட்டுரை வந்தது. நாளுக்கு 450 கிராமோ அதற்கு மேலோ வெள்ளைச் சோறு சாப்பிடுபவர்களை, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிடுபவர்களோடு ஒப்பிட்டார்கள். எல்லா நாடுகளையும் சேர்த்தால் நீரிழிவு ஆபத்து 20 சதவீதம் கூட. தெற்காசியாவில் மட்டும் பார்த்தால் 61 சதவீதம். அந்த 450 கிராம் ஒரு நாள் முழுவதற்குமான கணக்கு. நம் மத்தியானப் பார்சல் ஒன்றே 420.

ஆனால் இந்த வகை ஆய்வு, சாப்பிடுகிறவர்களைத் தொடர்ந்து பார்ப்பது மட்டும்தான். சோறு அதிகம் தின்கிறவர் மீனும் மரக்கறியும் குறைவாகத் தின்கிறவராக இருக்கலாம், கையில் காசு இல்லாதவராக இருக்கலாம். அதையெல்லாம் கணக்கில் கழித்துப் பார்த்தாலும் முழுதாகக் கழியாது. அதனால் ‘சோறு விஷம்’ என்று நான் சொல்லமாட்டேன். கோப்பையில் சோற்றுக்கும் கறிக்கும் இடையில் இடம் மாற வேண்டும் என்று சொல்வேன். வீட்டில் நாங்கள் செய்தது இதுதான்: கோப்பையில் முதலில் கீரைச் சுண்டலும் மரக்கறியும் பாதிக்கு. பிறகு மீன் அல்லது பருப்பு. மிச்சமிருக்கும் இடத்தில் சோறு, அகப்பையால் ஒன்றரை, 150 கிராம் வரும். முதல் மாதம் இரவில் பசித்தது, பொய் சொல்லக்கூடாது. பருப்பைக் கூட்டியதும் அது அடங்கியது.

சாப்பிடும் ஒழுங்குக்கும் ஒரு சின்ன ஆய்வு இருக்கிறது. 2015இல் நியூயோர்க்கில் 11 பேருக்கு ஒரே சாப்பாட்டை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். மரக்கறியும் இறைச்சியும் முதலில், மாச்சத்து கடைசியில் என்று சாப்பிட்ட நாளில் ஒரு மணி நேரத்தில் சீனி ஏற்றம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. பதினொரு பேர் என்பது ஒரு வான் ஆட்கள். என்றாலும் காசு செலவில்லாத விஷயம், செய்து பார்ப்பதில் நட்டமில்லை.

சிவப்பரிசி? ஆறவைத்த சோறு? தேங்காயெண்ணெய் விட்டு வேகவைத்த சோறு?

சிவப்பரிசியில் தவிடு இருந்தால் நல்லது. தீட்டித் தீட்டி வெளுத்த சிவப்பரிசிக்குப் பெயர்தான் மிச்சம். புழுங்கல் அரிசி, பச்சையரிசியைவிட மெதுவாகச் சீனியை ஏற்றும். எதுவாக இருந்தாலும் 420 கிராம் 420 கிராம்தான்.

அந்தத் தேங்காயெண்ணெய்ச் சோற்றுக் கதை கொழும்பில் பிறந்தது. 2015 மார்ச்சில் இங்குள்ள இரசாயனவியல் மாணவர் ஒருவரும் அவருடைய ஆசிரியரும் அமெரிக்க இரசாயனவியல் சங்கத்தின் கூட்டத்தில் அறிவித்தார்கள்: கொதிக்கும் நீரில் ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு அரிசியை வேகவைத்து, 12 மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மாச்சத்தின் ஒரு பகுதி குடலில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது என்று. பத்திரிகைகள் ‘பாதிக் கலோரி போய்விட்டது’ என்று கூச்சல் போட்டன. அது ஆய்வுகூடத்தில் செய்த அளவீடு, மனிதர் சாப்பிட்டு இரத்தத்தில் பார்த்தது அல்ல. ஆறவைத்தால் மாச்சத்துக் கொஞ்சம் மாறுவது உண்மை, பாதி குறையும் என்பதை நம்பி இரண்டாம் தரம் போட்டுக்கொள்ளாதீர்கள். பழஞ்சோற்றுக்கு இதுவரை இல்லாத கௌரவம் வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கொழும்பு வெக்கையில் சோற்றை இரவு முழுவதும் அடுப்படியில் திறந்து வைத்தால் கிருமிதான் முதலில் சாப்பிடும்.

இடியப்பம், பிட்டு, குரக்கன் பரவாயில்லையா?

அரிசி மா நன்றாக அரைபட்டது, வேகமாகச் செரிக்கும். இடியப்பத்தில் எத்தனை என்று எண்ணலாம் என்பதுதான் ஒரே வசதி. குரக்கன் நல்ல தானியம், நாரும் கல்சியமும் உண்டு. ஆனால் ‘குரக்கன் என்றால் எவ்வளவும் சாப்பிடலாம்’ என்பது நம் வீடுகளில் ஓடும் பெரிய மூடநம்பிக்கை. குரக்கன் மாவிலும் மாச்சத்து அரிசி மா அளவுக்குக் கிட்டத்தான்.

தேங்காய் கொலஸ்ட்ரோலை ஏற்றுமா? ஒருவர் ஆம் என்கிறார், ஒருவர் இல்லை என்கிறார்.

இருவரும் வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள்.

தேங்காயெண்ணெயை மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்ட 16 பரிசோதனைகளைச் சேர்த்து 2020இல் ஒரு கணக்குப் போட்டார்கள். கெட்ட கொலஸ்ட்ரோல் எல்டிஎல் டெசிலீற்றருக்கு ஏறத்தாழ பத்து மில்லிகிராம் கூடியது. நல்லது என்கிற எச்டிஎல்லும் நான்கு கூடியது, ஆனால் அது கூடுவதால் இதயத்துக்குப் பயன் என்று இப்போது யாரும் உறுதியாகச் சொல்வதில்லை. எடையிலும் இடுப்பிலும் ஒரு நன்மையும் தெரியவில்லை. ஆகவே எண்ணெய் என்ற அளவில் விடை தெளிவு: பொரிக்கக் கொட்ட வேண்டாம்.

மறுபக்கம் பசிபிக் தீவு ஆய்வு ஒன்று இருக்கிறது, 1981இல் வந்தது. டொகெலாவு தீவில் மக்கள் சாப்பிடும் சக்தியில் 63 சதவீதம் தேங்காயிலிருந்து வந்தது, புகாபுகா தீவில் 34. இரண்டு தீவிலும் இதயநோய் அரிது. தேங்காய்க் கட்சிக்காரர் இதைத்தான் தூக்கிக் காட்டுவார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது: அங்கே தேங்காயைப் பூவும் சொட்டுமாகச் சாப்பிட்டார்கள், கூடவே மீனும் ஈரப்பலாக்காயும். சீனி மிகக் குறைவு. தேங்காய் கூடச் சாப்பிட்ட டொகெலாவுக்காரருக்கு இரத்தக் கொலஸ்ட்ரோலும் கூடத்தான் இருந்தது. அங்கே யாரும் எட்டு மணி நேரம் கதிரையில் இருந்துவிட்டு கொத்து ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை.

எங்கள் வீட்டில் சம்பலை விடவில்லை. சொதிக்கு முதற்பால் விடுவதை நிறுத்தினோம். அம்மா அதைச் சொதி என்று ஏற்றுக்கொள்ளவில்லை, ‘மஞ்சள் தண்ணி’ என்பார்.

ஒலிவ் எண்ணெய் வாங்க வேண்டுமா?

வேண்டாம், அந்தக் காசுக்கு மீன் வாங்குங்கள். ஸ்பெயினில் 7,447 பேரை வைத்து நடத்திய ஆய்வில், ஒலிவ் எண்ணெயோ கொட்டை வகைகளோ சேர்த்த மத்தியதரைக்கடல் உணவு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை ஏறத்தாழ 30 சதவீதம் குறைத்தது. 2013இல் வந்த அந்தக் கட்டுரையை, ஆட்களைப் பிரித்ததில் பிழை கண்டுபிடித்து 2018இல் தாங்களே மீளப்பெற்று, திருத்திய கணக்கோடு திரும்ப வெளியிட்டார்கள். முடிவு பெரும்பாலும் மாறவில்லை. பிழையை ஒத்துக்கொண்ட ஆய்வை நான் கூடுதலாக நம்புகிறேன், கணக்காளன் புத்தி. மரக்கறி, பருப்பு வகை, மீன், கச்சான் போன்ற கொட்டைகள் கூட, இறைச்சியும் இனிப்பும் குறைய என்ற அந்த அமைப்பை வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கும் சாமானிலேயே செய்யலாம்.

பத்தாயிரம் காலடி கட்டாயமா?

அது 1960களில் ஜப்பானில் விற்ற ஒரு காலடி எண்ணும் கருவியின் பெயர். ‘பத்தாயிரம் அடி அளவி’ என்று பொருள். டாக்டர் எவரும் எழுதிக் கொடுத்த அளவு அல்ல. 2019இல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள 16,741 பெண்களின் காலடியை எண்ணிப் பார்த்தார்கள். நாளுக்கு 2,700 நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களில் இறப்பு 41 சதவீதம் குறைவு. 7,500க்கு மேல் போனால் கூடுதல் நன்மை தெரியவில்லை. பெரிய இலாபம் ஒன்றும் செய்யாமல் இருப்பதிலிருந்து கொஞ்சம் செய்வதற்கு வரும் இடத்தில்தான் இருக்கிறது.

உடற்பயிற்சி ஆய்வே பஸ்ஸில்தான் தொடங்கியது என்றால் சிரிப்பீர்கள். ஜெரி மொரிஸ் என்ற மருத்துவர் இலண்டனின் இரட்டைத் தட்டு பஸ்களில் வேலை செய்தவர்களைப் பார்த்து 1953இல் எழுதினார்: நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் சாரதிகளைவிட, மேலும் கீழும் ஏறி இறங்கி ரிக்கெட் கிழிக்கும் நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு. ஒரு வேலைநாளில் அவர்கள் ஏறியது 500க்கு மேற்பட்ட படிகள். அப்புறம் ஒருவர் கேட்கத்தானே செய்வார், தடித்தவர்கள்தான் சாரதி வேலைக்குப் போயிருப்பார்களோ என்று. மொரிஸே 1956இல் சீருடைக் கணக்கை எடுத்துப் பார்த்தார். ஆம், சாரதிகளின் காற்சட்டை இடுப்பு வேலையில் சேர்ந்த போதே பெரிதாக இருந்தது. தன் கண்டுபிடிப்புக்கு எதிராகப் போகக்கூடிய சான்றைத் தானே தேடிப்போன மனிதர். அந்தக் குழப்பத்தைக் கழித்துப் பார்த்தும் அசைவின் பலன் மிஞ்சியது என்று பின்வந்த எத்தனையோ ஆய்வுகள் காட்டின. பஸ்ஸில் மிதிபலகையில் தொங்கியபடி “கோட்டை, கோட்டை” என்று கத்தும் பையனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மொரிஸ் நினைவு வரும்.

விடிய நடப்பதா, பின்னேரமா?

நடக்கிற நேரம் நல்ல நேரம். ஆனால் சீனி உள்ளவர்களுக்கு ஒரு நுணுக்கம். நியூசிலாந்தில் நீரிழிவுள்ள 41 பேரை, நாளில் எப்போதாவது 30 நிமிடம் நடக்கச் சொன்னார்கள். பிறகு அதே ஆட்களை ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிடம் நடக்கச் சொன்னார்கள். மொத்தம் அதே அரை மணி. சாப்பாட்டுக்குப் பிந்திய சீனி இரண்டாவது முறையில் 12 சதவீதம் குறைவு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் பார்த்தால் 22. காரணம் எளிது: தசை அசையும்போது இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே இரத்தத்திலிருந்து சீனியை இழுத்துக்கொள்ளும். சீனி ஏறும் நேரத்தில் இழுத்தால் இலாபம். நாமோ எட்டரைக்குப் பிட்டைச் சாப்பிட்டுவிட்டு நாடகம் பார்க்க உட்காருகிறோம்.

நான் விடிய நடையை விடவில்லை, அது கதைக்கு. கடற்கரைப் பக்கத்துத் தண்டவாளத்தில் முதல் ரயில் போகும், ஒருவர் இலைக்கஞ்சிப் பானையோடு வந்து நிற்பார், அரசியல் பேசாமல் ஒரு நாளும் திரும்பியதில்லை. சீனிக்கான நடை இரவில் சாப்பிட்டபின் பத்து நிமிடம்.

ஜிம் போக வேண்டுமா?

கட்டாயமில்லை, ஆனால் தசைக்கு வேலை வேண்டும். நீரிழிவுள்ள 262 பேரை வைத்து அமெரிக்காவில் செய்து 2010இல் வந்த ஆய்வில், நடையும் பாரம் தூக்குவதும் சேர்ந்த குழுவுக்கு மட்டுமே மூன்று மாதச் சராசரிச் சீனி தெளிவாக இறங்கியது. உலக சுகாதார நிறுவனமும் கிழமைக்கு இரண்டு நாள் தசைப் பயிற்சி என்கிறது. கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்பி இருப்பது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, இரண்டு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டு. போதும்.

கருவாடு, ஊறுகாய், மாசி? பிரஷருக்கு எது கெடுதல்?

உப்பு. நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்பது உலக அளவுகோல். இரண்டு துண்டு கட்டாக் கருவாடும் ஒரு கரண்டி ஊறுகாயும் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். மரக்கறி, பழம், கொழுப்புக் குறைந்த பால் பொருள் கூட்டிய உணவை 1997இல் வந்த அமெரிக்க ஆய்வில் 459 பேரில் ஒரு பகுதியினருக்கு எட்டுக் கிழமை கொடுத்தபோது, பிரஷர் இருந்தவர்களுக்கு மேல் எண் சராசரி 11 புள்ளி இறங்கியது. ஒரு குளிசை செய்கிற வேலை அது.

சீனாவில் 600 கிராமங்களை எடுத்து, பாதிக் கிராமங்களில் சாதாரண உப்புக்குப் பதில் கால்பங்கு பொட்டாசியம் கலந்த உப்பைக் கொடுத்து ஐந்தாண்டு பார்த்தார்கள், 2021இல் வெளிவந்தது. பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தைக் கூட்டும் பிரஷர் குளிசை எடுப்பவர்களும் கேட்காமல் தொடக்கூடாது. நீரிழிவுக்காரரில் பலருக்கு இந்த இரண்டில் ஒன்று இருக்கும்.

தேத்தண்ணிக்குச் சீனி? சோடா?

ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டி, நாளுக்கு ஐந்து கோப்பை. பெருக்கிப் பாருங்கள். சோடாப் போத்தல்களில் 2016 முதல் இருக்கும் வட்டத்தைக் கவனியுங்கள்: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2க்குக் கீழ் என்றால் பச்சை. அது வந்தபிறகு கம்பனிகள் சீனியைக் குறைத்து மஞ்சளுக்கு இறங்கின. மஞ்சள் என்றால் நல்லது என்று பொருளில்லை.

விரதம் இருந்தால் இறங்குமா? கந்தசஷ்டிக்கு ஆறு நாளில் மூன்று கிலோ போனதே.

போனதில் பெரும்பகுதி தண்ணீர். சீனாவின் குவாங்சூவில் 139 பேரை ஓராண்டு பார்த்தார்கள். ஒரு பகுதி கலோரியைக் குறைத்தது, மறுபகுதி அதே அளவு குறைத்து, காலை 8 முதல் மாலை 4க்குள் மட்டும் சாப்பிட்டது. இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. நேரக் கட்டுப்பாடு உங்களைக் குறைவாகச் சாப்பிட வைத்தால் பிடித்துக்கொள்ளுங்கள். இன்சுலினோ, சீனியைத் தாழ்த்தும் குளிசையோ எடுப்பவர்கள் டொக்டரைக் கேட்காமல் விரதம் பிடித்தால் மயங்கி விழ நேரும்.

ஏற்கெனவே நீரிழிவு. சாப்பாட்டால் குணமாக்கிக் குளிசையை நிறுத்தலாமா?

பிரித்தானியாவில் நீரிழிவு வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்த, இன்சுலின் எடுக்காத 306 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. பாதிப் பேர் நாளுக்கு ஏறத்தாழ 850 கலோரி மட்டும், சூப்பும் பானமுமாக, மூன்று முதல் ஐந்து மாதம் இருந்தார்கள். ஓராண்டில் 46 சதவீதம் பேர் குளிசையின்றி நீரிழிவு எல்லைக்குக் கீழே வந்தார்கள். இரண்டாம் ஆண்டில் அது 36. எடை திரும்பியவர்களுக்குச் சீனியும் திரும்பியது. மருத்துவக் கண்காணிப்பில் நடந்தது இது. யூடியூபில் யாரோ சொன்னதைக் கேட்டு மரைன் டிரைவில் வைத்துக் குளிசையை எறிகிறவர்களைப் பற்றி நான் என்ன சொல்ல.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நீரிழிவுள்ள 5,145 பேரில் பாதிப் பேருக்குச் சாப்பாடும் உடற்பயிற்சியும் தீவிரமாகக் கொடுத்த ஆய்வை, மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை என்று 2012இல் நிறுத்தினார்கள். சீனி, பிரஷர், குளிசை எண்ணிக்கை எல்லாம் குறைந்தன. அந்த ஒன்று மட்டும் குறையவில்லை. நடப்பவருக்கும் கொலஸ்ட்ரோல் குளிசை தேவைப்படலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று இது.

தொடங்கி மூன்று கிழமையில் விட்டுவிடுகிறேன். என்னில் என்ன பிழை?

உங்களில் பிழையில்லை. இத்தனை ஆய்வையும் வாசித்தபிறகு எனக்குப் பட்டது இதுதான். எல்லாரும் ‘என்ன சாப்பிட்டார்கள்’ என்று பார்க்கிறோம். ‘யார் அவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்’ என்று பார்ப்பதில்லை. முதலில் சொன்ன 3,234 பேரின் அமெரிக்க ஆய்வில், வாழ்க்கைமுறையை மாற்றிய பகுதியில் இருந்த ஒவ்வொருவரும் முதல் 24 கிழமைக்குள் தம் வழிகாட்டியோடு நேருக்கு நேர் இருந்து 16 பாடம் படித்தார்கள். சென்னையில் மாதாமாதம் தொலைபேசி வந்தது. கொழும்பிலேயே ஆபத்துக் காரணிகள் உள்ள இளம் வயதினரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்து 2017இல் வெளியானது. ஒரு பகுதியினரை மூன்று மாதத்துக்கொரு தடவை கூப்பிட்டு ஆலோசனை சொன்னார்கள், மற்றவர்களை ஆண்டுக்கொரு தடவை. சொன்ன விஷயம் ஒன்றே. அடிக்கடி கூப்பிட்டவர்களில் புதிய கோளாறுகள் குறைவு. பெரிய குறைவு அல்ல, ஆனால் குறைவு. தென்னிந்தியாவில் வேலைக்குப் போகும் 537 ஆண்களில் ஒரு பகுதியினருக்குக் கைத்தொலைபேசியில் குறுஞ்செய்தி மட்டும் அனுப்பினார்கள், 2013இல் வந்தது. இரண்டு ஆண்டில் செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கு நீரிழிவு, பெறாதவர்களில் 27.

நாங்கள் தனியாகத் தொடங்கித் தனியாக விட்டுவிடுகிறோம். யாருக்கும் தெரியாமல் தொடங்கினால் யாருக்கும் தெரியாமல் விடலாம். எங்கள் எட்டுப் பேர் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு விதி: வராதவர் காலை ஆறுக்கு முன் காரணம் எழுத வேண்டும். ‘நித்திரை’ என்பது ஏற்கப்படும் காரணம். ஆனால் எழுத வேண்டும்.

கொழும்பில் எங்கே பரிசோதிக்கலாம்?

35 வயது தாண்டியவர்களுக்கு அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் இருக்கின்றன, 2011 முதல் நடக்கின்றன. எடை, இடுப்பு, பிரஷர், சீனி இலவசமாகப் பார்ப்பார்கள். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் கிட்டிய இடத்தைச் சொல்வார்கள். வெறும் வயிற்றோடு போங்கள், வாசலில் விற்கும் வடையைத் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

நடக்கும்போது நெஞ்சு இறுகினால், இடது கை அல்லது தாடை வலித்தால், குளிர் வியர்வை வந்தால் ‘காஸ்’ என்று சொல்லிச் சோடா குடிக்க வேண்டாம். 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். எங்கள் கூட்டத்தின் இரண்டு ஸ்டென்ட்காரரில் ஒருவர் அந்தச் சோடாவுக்கு ஒன்றரை மணி நேரம் செலவழித்தவர்.

மழை பெய்தால்?

ஒக்டோபர், நவம்பரில் பின்னேரமானால் கொட்டும், நடைபாதை வாய்க்காலாகிவிடும். எங்கள் தொடர்மாடியில் ஒரு தளத்திலிருந்து அடுத்ததற்குப் பதினெட்டுப் படி, மாடி ஆறு. எதிர்வீட்டு அன்ரிக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி, படி ஏறமாட்டார். நடைகூடத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடப்பார், கையில் ஜெபமாலை. ஒன்பது மணிக்குச் செய்தி தொடங்கும் நேரம் பார்த்து எங்கள் கதவைத் தட்டுவார். “தம்பி, சாப்பிட்டாச்சோ? பிறகென்ன இருக்கிறீர், வாரும்.”